பத்து வருஷத்துக்குப் பயமில்லை

மூச்சு விடலாம், மற்றபடி எதையும் அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஸ்கேன் எடுக்கிற பெண் ஜெபா கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். சொல்லுகிறவளுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போகலாம். முக்கால் மணி நேரம் அசையாமல் கிடப்பது என்றால் என்னவென்று உலகம்மாளுக்கு எங்கே தெரியும்? தென்காசியில் ஒரு கேஸ் ஏஜென்சி கவுண்ட்டரில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவள். பேர்தான் உட்கார்ந்த வேலை. போனுக்கு ஒரு பக்கம், கம்ப்யூட்டருக்கு ஒரு பக்கம், கத்துகிற ஆளுக்கு ஒரு பக்கம் என்று திரும்பித் திரும்பிக் கழுத்து தேய்ந்ததுதான் மிச்சம். இப்போது பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில், பச்சை அங்கியோடு குப்புறக் கிடக்கிறாள். கை இரண்டும் தலைக்கு முன்னால் நீண்டிருக்கின்றன. நெஞ்சுக்குக் கீழே பலகையில் இரண்டு குழி. இடது மார்பு ஒன்றில், வலது மார்பு மற்றொன்றில். இடது அவளோடு வளர்ந்தது. வலதுக்குள் இருப்பது சிலிக்கோன் பை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் புற்று வந்து மார்பை எடுத்தபோது அதே ஆபரேஷன் மேஜையிலேயே உள்ளே வைத்துத் தைத்தது. அந்தப் பை நன்றாக இருக்கிறதா, கிழிந்துவிட்டதா, இல்லை, வாயால் சொல்லவே கூடாத மூன்றாவது சங்கதியாக அந்தப் பழையது திரும்பி வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தக் குழாய்க்குள் அவளைத் தள்ளியிருக்கிறார்கள். கையில் ஒரு ரப்பர் குமிழைத் திணித்து, "பயமா இருந்தா அமுக்குங்கக்கா, உடனே வெளிய எடுத்துருவேன்" என்றாள் ஜெபா. பயமாக இருந்தால் என்றால் எந்த அளவுக்குப் பயமாக இருந்தால்? மூன்று வாரமாகப் பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பயத்துக்கெல்லாம் அமுக்கலாமா என்று கேட்காமல் விட்டுவிட்டாள். அதற்குள் மூக்கு அரிக்கிறது. காலையில் சோப்புப் போட்டுத் திருகித் திருகிக் கழற்றிய மூக்குத்தியின் இடம். தாலி, கம்மல், மெட்டி எல்லாம் வெளியே அவள் புருஷன் சிவனணைந்தானின் சட்டைப் பையில் கைக்குட்டையில் முடிந்து கிடக்கின்றன. அந்த மனுஷன் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டுமே, டீ குடிக்கப் போன இடத்தில் முகம் துடைக்கிறேன் என்று கைக்குட்டையை உதறினால் தீர்ந்தது.

டக டக டக டக என்று தொடங்கிவிட்டது. காதில் பஞ்சு, அதற்கு மேல் ஒரு ஹெட்போன், அதையும் மீறிச் சத்தம் பல்லில் வந்து அதிர்கிறது. திங்கட்கிழமை லோடு இறக்குகிற சத்தம்தான் இது என்று நினைத்தாள். லாரியில் ஏறுகிற முந்நூறு காலி சிலிண்டரும் இறங்குகிற முந்நூறு நிறை சிலிண்டரும் ஒன்றோடொன்று மோதி உருளுகிற சத்தத்துக்கு நடுவே கணக்கில்லாமல் டீ குடித்தவள் அவள், இது என்ன பெரிய சத்தம். அப்படி நினைத்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்தத் தெம்பு நிற்கிறதற்குள் சத்தம் மாறி, ர்ர்ர் என்று ஒரே இழுப்பாக இழுக்க ஆரம்பித்தது. பாழாய்ப் போகிறது, ஒரே மாதிரி அடித்துத் தொலைத்தால் பழகிக்கொள்ளலாம். எல்லாம் அந்த ராஜகனியால் வந்தது. ராஜகனி அவர்கள் தெரு டெய்லர். உலகம்மாளின் உடம்பு டாக்டர்களுக்குத் தெரிந்ததைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். கொழுந்தன் மகள் கல்யாணத்துக்குச் சேலைக்குச் சட்டை தைக்கக் கொடுத்து, போட்டுப் பார்க்கப் போன அன்றைக்கு, வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு ஊசியை எடுத்துவிட்டு, "ஏ உலகு, வலது பக்கம் ஒரு விரக்கடை ஏறி நிக்கு. நான் வெட்டினதுல கோளாறா, ஒன் உடம்புல கோளாறா?" என்றாள். வெட்டினதில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டு உலகம்மாள் வந்துவிட்டாள். பாவம், ராஜகனி அந்தச் சட்டையை மூன்று தடவை பிரித்துத் தைத்தாள். மூன்று தடவையும் அதே ஒரு விரல் அகலம் ஏறித்தான் நின்றது. வீட்டில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தொட்டுப் பார்த்தாள். தொடுவது என்றால் சும்மா இல்லை, இரண்டு வருஷத்துக்குப் பிறகு தொடுகிறாள். சோப்பைக்கூட அந்தப் பக்கம் மேலோட்டமாக ஓட்டிவிட்டு வருகிறவள்தான். இடது பக்கம் அமுங்கிய இடத்தில் வலது பக்கம் அமுங்கவில்லை. இறுகி இருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு மடிப்பு மாதிரி. அந்த மடிப்பில் விரலை வைத்தபடி எத்தனை நேரம் நின்றாள் என்று தெரியாது, வாளியில் தண்ணீர் வழிந்து வாசல்வரை வந்துவிட்டது.

அது ஏன் இரண்டு வருஷம் என்றால், அதற்கு ஒரு கதை இருக்கிறது, அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. ஆபரேஷன் நடந்தது இரண்டாயிரத்துப் பதின்மூன்று மே மாதம். மகள் காந்திமதிக்கு அப்போது ஏழு வயது. சர்ஜன் அவளிடம் பேசவே இல்லை, சிவனணைந்தானை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். உள்ளே வந்து புருஷன்தான் சொன்னார்: "எடுத்துட்டு உடனே வச்சிருவாங்களாம். நீ முழிச்சுப் பாக்கும்போது ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். பத்து வருஷத்துக்குப் பயமில்லையாம்." நல்ல மனுஷன், மின்கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவர் அன்றைக்குக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். அவர் சொன்னதில் பாதி அவள் காதில் விழவில்லை. பத்து வருஷம் மட்டும் விழுந்தது. சரியாக விழுந்தது. விழுந்த வேகத்தில் அவள் மண்டைக்குள் இருந்த கேஸ் ஏஜென்சிக்காரி எழும்பி, ஒவ்வொரு சிலிண்டரின் கழுத்து வளையத்திலும் அடித்திருக்கும் தேதி எழுத்தையும் எண்ணையும் இதற்கும் அடித்துவிட்டாள். ஏப்ரல் மே ஜூனுக்கு பி. பத்து வருஷம் தள்ளி இருபத்து மூன்று. பி இருபத்து மூன்று. யாருக்கும் தெரியாமல் அந்த முத்திரையை அவள் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். முதல் ஒன்பது வருஷம் ராஜாத்தி மாதிரி இருந்தாள். சாரல் தொடங்கினால் முதல் ஆளாகக் குற்றாலம், ஐந்தருவியில் நடுத் தண்ணீரில் போய் நின்று கூச்சல் போடுகிறவள். பத்தாவது வருஷம் பிறந்தது. பிறகு ஜூன் வந்தது, போனது. அவ்வளவுதான், அன்றிலிருந்து உடம்புக்குள் ஒரு காலாவதியான சாமானைச் சுமக்கிறவள் ஆகிவிட்டாள். அரிசிச் சிப்பத்தைத் தொடமாட்டாள், குப்புறப் படுக்கமாட்டாள். மெட்ராஸிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் அருவிக்குக் கூட்டிக்கொண்டு போவாள், கூட்டிக்கொண்டு போய் எல்லார் துண்டையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓரத்தில் நிற்பாள். அத்தனை உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் நேராக அங்கே அடித்தால் டப்பென்று போய்விடாதா? "ஊர்க்காரி அருவிக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கா பாருங்க" என்று கொழுந்தன் கேலி செய்தான். சளி பிடிக்கும் என்றாள். ஜூலை மாதத்தில் தென்காசிக்காரி சளி பிடிக்கும் என்று சொன்னால் எவன் நம்புவான்?

"அக்கா, கை வழியா இப்ப மருந்து போகும், ஜில்லுன்னு இருக்கும், அசையாதீங்க" என்று ஹெட்போனுக்குள் ஜெபா. சொன்ன மாதிரியே முழங்கையிலிருந்து ஒரு குளிர்ச்சி ஏறித் தோளுக்கு வந்து தொண்டையில் இரும்பு ருசியாக நின்றது. இந்த மருந்து எதற்கு என்று அவளுக்குத் தெரியும். பை கிழிந்திருக்கிறதா என்று பார்க்க மருந்து வேண்டாமாம், பழையது திரும்பி வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் மருந்து. ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்த டாக்டர் ரெஜினா அப்படித்தான் சொன்னாள், ரெண்டையும் ஒரே தடவையில் பார்த்துவிடுவோம் என்றாள். வந்திருந்தால்? வந்திருந்தால் என்ன, முன்னே பார்த்ததுதானே. முன்னே பார்த்ததுதான், அதனால்தான் பயம். தெரியாத பயம் பரவாயில்லை. தலைமுடி தலையணையில் கற்றை கற்றையாகக் கிடந்தது, காந்திமதி அதைப் பொறுக்கி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு வந்து, அம்மா இதை ஒட்டிக்கலாமா என்று கேட்டது, வேண்டாம், அதை நினைக்கக் கூடாது, நினைத்தால் நெஞ்சு அசையும், நெஞ்சு அசைந்தால் படம் கெட்டுப் போகும், படம் கெட்டால் முதலிலிருந்து படுக்க வேண்டும். குமிழை அமுக்கிவிட்டால்? விரல் தயாராகத்தான் இருக்கிறது. அமுக்கினால் வெளியே எடுப்பார்கள். வெளியே போனால் ஒன்றும் தெரியாமல் வீட்டுக்குப் போகலாம், ஒன்றும் தெரியாமல்தானே இரண்டு வருஷம் இருந்தாள், இன்னொரு இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போகிறாள். ரெஜினா டாக்டர் போன வாரம் அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாளே ஒரு கேள்வி. "ஏம்மா, வச்சு அஞ்சாறு வருஷத்துலயே ஒரு ஸ்கேன் பார்த்திருக்கணும், அப்புறம் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா பார்த்திருக்கணும். இத்தனை நாளா எங்க போனீங்க?" பத்து வருஷத்துக்குப் பயமில்லைன்னு சொன்னாங்களே டாக்டர் என்றாள் இவள். "சரி, பத்து வருஷம் முடிஞ்சும் ரெண்டு வருஷம் ஆச்சே, அப்ப ஏன் வரலை?" பத்து வருஷம் வரைக்கும் பார்க்க ஒன்றுமில்லை என்று போகவில்லை. பத்து வருஷத்துக்குப் பிறகு பார்த்தால் என்ன இருக்குமோ என்று போகவில்லை. காந்திமதி இப்போது கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்துகொண்டு ராத்திரி பகலாக நெட்டில் தேடி அனுப்புகிறாள். ஒருத்திக்கு இருபது வருஷமாக அப்படியே இருக்கிறதாம், ஒருத்திக்கு நாலு வருஷத்தில் போய்விட்டதாம், இதுக்கு இத்தனை வருஷம்னு ஒரு கணக்கே கிடையாதும்மா என்கிறாள். கணக்கே கிடையாது என்றால் அப்புறம் எதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி நிம்மதியாகத் தூங்குவது?

எதை வைத்துக்கொண்டு என்று அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்து ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. மெஷின் டங், டங், டங் என்று விட்டு விட்டு அடிக்கிறது. அந்த இடைவெளிக்குள்ளே, எங்கிருந்துதான் வந்தாரோ, மேலகரம் ஆவுடையப்பன் அண்ணாச்சி நினைப்பில் வந்து நின்றார். ரிட்டயர் ஆன தாசில்தார், ஸ்கூட்டரில் சிலிண்டரைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு நேரே கவுண்ட்டருக்கு வந்து இறக்கிய மனுஷன். "தேதியப் பாரு, இந்த மாசத்தோட முடியுது. காலாவதியாகப் போற சிலிண்டரக் குடுத்து எங்க வீட்டக் கொளுத்தப் பாக்கியா?" என்று ஒரே ரகளை. வாரத்துக்கு ஒருத்தராவது இந்தத் தேதியை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள், பதினெட்டு வருஷமாக அவள் சொல்லுகிற பதில் ஒன்றுதான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். "அண்ணாச்சி, அது சாகுற தேதி இல்ல, சோதனைத் தேதி. அந்தத் தேதிக்குள்ள பிளாண்ட்டுக்குப் போகும். தண்ணிய அடைச்சு அழுத்தம் குடுத்துப் பாப்பாங்க. நல்லா இருந்தா புதுத் தேதி அடிச்சுத் திரும்பி வரும். கோளாறு இருந்தா கழிச்சிருவாங்க." அவர் விடவில்லை. அப்ப தேதி வரைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு எழுதித் தருவியா என்றார். "அதெப்படித் தர முடியும்? தேதிக்கு முந்தியும் ஒழுகலாம், தேதி தாண்டியும் நல்லா இருக்கலாம். பாக்காம மட்டும் விடக் கூடாது, அவ்வளவுதான்." குழாய்க்குள் கிடந்தவள் இதைக் கேட்டாள். தன் குரலைத் தானே, யாரோ ஒரு விவரமான பொம்பளை பேசுகிறதைக் கேட்கிற மாதிரி கேட்டாள். அடிப் பாவி. ஊரெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னாயே, உனக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டாயா? தாசில்தாரைப் பற்றி அன்றைக்கு முழுவதும் சிரித்தாயே, படிச்ச மனுஷன் இப்படியா என்று. சிரிப்பு வந்தது. சிரித்தால் அசையும். பல்லைக் கடித்தாள். சிரிப்பை அடக்கினால் அது கண் வழியாக வந்தது, மூக்கு நுனிக்கு இறங்கிச் சொட்டியது, துடைக்கக் கை இல்லை. பத்து வருஷம் தைரியமாக இருந்தாளே, அந்தத் தைரியத்துக்கும் ஆதாரம் கிடையாது. இரண்டு வருஷம் நடுங்கினாளே, அதற்கும் கிடையாது. அதற்குப் பின்னால் மனசு சட்டென்று வேறு ஒரு பக்கம் சரிந்தது. இனி அந்தப் பையே வேண்டாம் என்று ஆகிவிட்டால்? எடுத்துவிட்டுச் சும்மா விட்டுவிடலாம் என்றால்? ராஜகனியிடம் சொன்னால் சட்டைக்குள் பஞ்சு வைத்துத் தைத்துத் தருவாள், அவளுக்கு அதெல்லாம் அத்துப்படி. எத்தனை பேர் அப்படி இருக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனாலும் உலகம்மாளுக்கு அது வேண்டும். சேலை கட்டிக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது இரண்டு பக்கமும் சமமாக இருப்பது அவளுக்குப் பிடித்திருக்கிறது. நாற்பத்தாறு வயதில் கல்யாண வயசுக்கு வந்த பிள்ளையை வைத்துக்கொண்டு இதைப் போய் யாரிடம் சொல்லுவது என்று கூச்சம். புருஷனுக்காக வைத்துக்கொண்டது என்றுதான் தனக்கே சொல்லி வந்தாள். அவருக்காக இல்லை. தனக்குத்தான். மெஷின் நின்றுவிட்டது. நின்றது தெரியாமல் அவள் இன்னும் அசையாமலே கிடந்தாள், ஜெபா வந்து முதுகைத் தட்டி, முடிஞ்சிருச்சுக்கா, அழுதீங்களா என்றாள். இல்லம்மா, மூக்கு அரிச்சுது என்றாள் உலகம்மாள்.

ஒரு மணி நேரம் கழித்து ரெஜினா டாக்டரின் அறையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கைக்குட்டை முடிச்சு பத்திரமாக இருந்தது, தாலியும் கம்மலும் ஏறிவிட்டன, மூக்குத்தி மட்டும் ஏற மறுத்துக் கைப்பைக்குள் கிடந்தது. டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு, முதல் வார்த்தையாக, "பழைய வியாதி இல்லம்மா. ரெண்டு பக்கமும் சுத்தமா இருக்கு" என்றாள். சிவனணைந்தான் சத்தமாக மூச்சு விட்டார். "ஆனா பை கிழிஞ்சிருக்கு. பையோட தோல் உள்ளே மடிஞ்சு கிடக்கு, பாருங்க, இந்த வெள்ளைக்கு நடுவுல கோடு கோடா தெரியுதே. உடம்பே அதைச் சுத்தி ஒரு உறை போட்டு வச்சிருக்கு, அதைத் தாண்டி வெளிய வரலை. அந்த உறை இறுகினதாலதான் மேல ஏறி நிக்கு." உலகம்மாள் திரையைப் பார்த்தாள். ராஜகனியின் விரக்கடை அங்கே கோடாகக் கிடந்தது. எப்ப கிழிஞ்சது டாக்டர் என்று கேட்டாள். "அது சொல்ல முடியாதும்மா. வலி இருக்காது, சத்தம் கேக்காது. போன வருஷமா இருக்கலாம். ஆறேழு வருஷத்துக்கு முந்தியும் இருக்கலாம்." ஆறேழு வருஷம். அப்படியானால் அந்த ராஜாத்திக் காலத்திலேயே போயிருக்கலாம். ஐந்தருவியில் நடுத் தண்ணீரில் நின்று கூச்சல் போட்டபோதே கிழிந்த பையோடு கூச்சல் போட்டிருக்கலாம். இத்தனை நாள் நடுங்கி நடுங்கிக் காத்தது, எப்போதோ நடந்து முடிந்துவிட்ட ஒன்றை. நடந்து முடிந்த பிறகும் அவள் சாப்பிட்டிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், மகளைக் காலேஜில் சேர்த்திருக்கிறாள். எதற்கு இத்தனை பயந்தாள் என்று யோசித்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை, உடம்பு முழுக்க லேசாக இருந்தது. டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்றைக்கே ஓட வேண்டியதில்லை, ஆனால் விடவும் கூடாது, இரண்டு மூன்று மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும், உறையையும் சேர்த்து. எடுத்த இடத்தில் புதிதாக ஒன்று வைக்கலாம், வைக்காமலும் விடலாம், இரண்டும் சரிதான். "புதுசே வச்சிருங்க டாக்டர்" என்று சிவனணைந்தான் சட்டென்று சொன்னார். "அவ முழிச்சுப் பாக்கும்போது..." உலகம்மாள் அவர் மணிக்கட்டில் கையை வைத்தாள். "இருங்க. நான் சொல்லுதேன்." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு டாக்டர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை. அவசரப்படாமல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் சொன்னாள்: "எனக்கு வேணும் டாக்டர். புதுசு வைங்க. ஆனா இது எத்தனை வருஷம் வரும்னு எனக்குச் சொல்ல வேண்டாம், இவருக்கும் சொல்ல வேண்டாம். நான் எப்ப எப்ப வந்து பாக்கணும்னு மட்டும் சொல்லுங்க, வந்துருதேன்."